லாரி பரோஸ்: போருக்குள் நின்று படம் பிடித்தவர்

1965ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி வெளிவந்த அமெரிக்காவின் 'லைஃப்' சஞ்சிகையின் அட்டைப்படம் ஒரு ஹெலிகொப்டரின் உட்புறத்தைக் காட்டியது. இயந்திரத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் இளம் சிப்பாய் ஒருவன் திரும்பிப் பார்த்துக் கத்துகிறான். அவனது துப்பாக்கி இறுகிவிட்டது, சுடவில்லை. அவனுடைய காலடியில் விமானி ஒருவர் உயிர் பிரியும் நிலையில் கிடக்கிறார். படத்தைப் பார்ப்பவருக்குத் தானும் அந்தத் தகரத் தரையில் குந்தியிருப்பது போலத் தோன்றும்.

ஹெலிகொப்டரைக் கீழிருந்து பார்த்தே பழகியவர்கள் நாங்கள். சத்தம் கேட்டவுடன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கியவர்களுக்கு, அதன் உள்ளே இருந்தவனின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க நேரம் இருந்ததில்லை. அந்த முகத்தை உலகத்துக்குக் காட்டியவர் லாரி பரோஸ் என்ற ஆங்கிலேயர். பின்னர் அதே மனிதர் கீழே இறங்கி, ஹெலிகொப்டரின் சூடு பட்டவர்களையும் தேடிப் போனார். அதற்கு அவருக்குச் சில ஆண்டுகள் எடுத்தன. அவரது வாழ்க்கையைப் பற்றி எழுதும் பலர் முதற் பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது பகுதிதான் எங்களுக்கு முக்கியம்.

பரோஸ் 1926ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி லண்டனில் பிறந்தார். முழுப்பெயர் ஹென்றி பிராங்க் லெஸ்லி பரோஸ். பல்கலைக்கழகப் படிப்பு எதுவும் கிடையாது. 16 வயதளவில் பாடசாலையை விட்டு, 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் ஓவியப் பிரிவில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து 'கீஸ்டோன்' பட நிறுவனத்தின் இருட்டறைக்கும், பின்னர் 'லைஃப்' சஞ்சிகையின் லண்டன் அலுவலக இருட்டறைக்கும் போனார். அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு ஹென்றி இருந்ததால், குழப்பம் வராமலிருக்க இவரை லாரி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இருட்டறைக் காலத்தோடு ஒட்டிய ஒரு பழி வெகுகாலம் அவரைத் துரத்தியது. 1944 ஜூன் 6ஆம் திகதி, நோர்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கியபோது, ராபர்ட் காப்பா என்ற புகழ்பெற்ற போர்ப் படப்பிடிப்பாளர் அலைகளுக்குள் நின்று படமெடுத்தார். பிலிம் சுருள்கள் அவசர அவசரமாக லண்டனுக்கு வந்தன. உலர்த்தும் பெட்டியின் சூட்டைக் கூட்டிக் கதவை மூடியதால் பிலிம் உருகிப் போனது, பத்துப் பதினொரு படங்கள் மட்டுமே மிஞ்சின என்பது கதை. அந்தத் தவறைச் செய்த பையன் பரோஸ்தான் என்று பல நூல்களில் எழுதினார்கள். அப்போது லண்டனில் படப் பொறுப்பாளராக இருந்த ஜோன் மொரிஸ் அதை மறுத்து, அது வேறொரு பையன் என்று தெளிவுபடுத்தினார். பிலிம் உருகியது என்பதே உண்மையா என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். எப்படியோ, 18 வயதுப் பையன் ஒருவன்மீது சுலபமாகப் போடப்பட்ட பழி, அவர் உலகப் புகழ் அடைந்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

இருட்டறையிலிருந்து வெளியே வந்து அவர் படமெடுக்கத் தொடங்கியபோது கிடைத்த வேலைகளில் ஒன்று, ஐரோப்பிய ஓவியங்களை அச்சுக்காகப் படம் பிடிப்பது. கேட்பதற்குச் சலிப்பான வேலை. ஆனால், ஓவியத்தில் உள்ள நிறம் அச்சில் மாறக்கூடாது, சட்டத்தின் கோடு வளையக்கூடாது, ஒளி ஒரு பக்கம் கூடிவிடக்கூடாது. அதற்காக ஒரே படத்தின் முன் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். மண், தழை, இரத்தம், புகை என்பவற்றின் நிறங்களைப் பின்னாளில் பரோஸ் கையாண்ட விதத்தைப் பார்த்தால், அந்த ஓவியங்களுக்கு முன்னால் செலவழித்த நேரம் வீண்போகவில்லை என்று தெரியும். செய்திப் படம் என்றால் கறுப்பு வெள்ளைதான் என்றிருந்த காலத்தில் போரை வண்ணத்தில் எடுத்தவர்களில் அவர் முதன்மையானவர்.

1956இல் சூயஸ், 1958இல் லெபனான், பிறகு கொங்கோ என்று போர் நடந்த இடங்களுக்கெல்லாம் போனார். 1961இல் மனைவி, பிள்ளைகளோடு ஹொங்கொங்கில் குடியேறினார். 1962இலிருந்து வியட்நாம். எட்டு வருடங்கள் தாண்டியும் அவர் அங்கு போவதை நிறுத்தவில்லை. காப்பா 1954இல் கண்ணிவெடியில் கால்வைத்து இறந்ததும் அதே வியட்நாமில்தான்.

பரோஸ் உயரமான, மூக்குக்கண்ணாடி போட்ட, அவசரப்படாத மனிதர். போர்க்களத்துப் படப்பிடிப்பாளர் என்றவுடன் மனதில் வரும் முரட்டுத் தோற்றம் அவரிடம் இருந்ததில்லை. லைக்கா, நிக்கோன் என்று பல கமராக்களைக் கழுத்திலும் தோளிலும் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார். ஏன் அத்தனை கமரா என்பதை விளங்கிக்கொள்ள, லென்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

35 மி.மீ. பிலிம் கமராவில் 50 மி.மீ. லென்ஸைப் பூட்டினால் ஏறத்தாழ 46 பாகை அகலத்துக்குக் காட்சி விழும். 35 மி.மீ. லென்ஸ் 63 பாகையையும், 24 மி.மீ. லென்ஸ் 84 பாகையையும் பிடிக்கும். 16 மி.மீ. என்றால் 107 பாகை. எண் குறையக் குறையப் பார்வை அகலும். இன்று பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் பலர் ஒரு கமராவில் 16இலிருந்து 35 வரை போகும் அகலக்கோண சூம் லென்ஸையும், மற்றதில் 70இலிருந்து 200 வரை போகும் நீண்ட சூமையும் பூட்டி வைத்திருப்பார்கள். வளையத்தைத் திருப்பினால் போதும்: ஒரு சிறிய குடிசைக்குள் இருக்கும் ஆறு பேரும் 16இல் அடங்குவார்கள். அவர்களில் ஒருத்தியை மட்டும் அவள் இருக்கும் சூழலோடு எடுக்க வேண்டுமென்றால் 35.

பரோஸின் காலத்தில் இந்த வசதி இல்லை. நிக்கோனின் 43-86 மி.மீ. சூம் லென்ஸ் 1963இல் வந்தது. அதன் மிக அகலமான பக்கமே 53 பாகையைத்தான் பிடித்தது. ஓரங்களில் கோடுகள் வளைந்தன, கூர்மையும் போதாது. உண்மையான அகலக்கோண சூம்கள் 1970களின் நடுப்பகுதியில்தான் சந்தைக்கு வரத் தொடங்கின. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு அகலத்துக்கும் ஒவ்வொரு லென்ஸ், ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒவ்வொரு கமரா. சூடு நடக்கும்போது லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது.

அகன்ற லென்ஸ் ஒரு சுகமான கருவி அல்ல. தூர நின்று எடுத்தால் எல்லாமே சிறுத்து, படம் வெறும் வெளியாகிவிடும். ஆளுக்கு இரண்டு மூன்று அடி தூரத்துக்குள் போனால்தான் அது வேலை செய்யும். அப்போது முன்னால் இருப்பவர் பெரிதாகவும், அவருக்குப் பின்னால் உள்ள உலகம் முழுவதும் சின்னதாகவும் ஒரே சட்டத்துக்குள் வரும். கமராவைச் சற்று மேல்நோக்கிச் சரித்தால் தூண்களும் மரங்களும் பின்பக்கமாகச் சாயும். முகத்தை மூலையில் வைத்தால் அது இழுபட்டு விகாரமாகிவிடும். மனிதர்களை எடுப்பவர் அவர்களை நடுவுக்குக் கிட்டவே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் துயரத்தில் இருக்கும் ஒரு முகம் கேலிச்சித்திரமாகிப் போகும்.

அதில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. 24 மி.மீ. லென்ஸில் துவாரத்தை எப்/8க்குக் குறைத்து, குவியத்தை 2.4 மீற்றரில் வைத்துவிட்டால் 1.2 மீற்றரிலிருந்து தொடுவானம் வரை எல்லாமே தெளிவாக விழும். குவியத்தைத் திருப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கண் நிகழ்வில் இருக்கலாம்.

இன்றைய சூம் லென்ஸ் ஒரு சோம்பலையும் கூடவே தருகிறது. நின்ற இடத்திலேயே நின்று வளையத்தைத் திருப்பினால் சட்டம்தான் மாறும். முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள அளவு மாறாது. அதை மாற்றக் காலால் நடக்க வேண்டும். சூம் பழகிய நல்ல படப்பிடிப்பாளர்கள் எவ்வளவு கிட்ட நிற்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் வளையத்தில் கைவைப்பார்கள்.

கிட்ட நிற்பது தொழில்நுட்பம் மட்டும் சம்பந்தப்பட்ட விடயம் அல்ல. நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர் நூறு அடிக்கு அப்பால் நின்று ஒரு தாயின் அழுகையை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விடலாம். முகாம் வேலிக்கு வெளியிலிருந்து அப்படிப் படம் எடுக்கப்பட்ட அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. அகன்ற லென்ஸ்காரருக்கு அந்த மறைவு கிடையாது. அவர் அழுபவளின் முன்னாலேயே நிற்கிறார், அவளும் அவரைப் பார்க்கிறாள். மற்றவர்களின் துன்பத்தில் தான் பிழைப்பு நடத்துகிறேனோ என்ற கேள்வி பரோஸைத் தொடர்ந்து அரித்திருக்கிறது. அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் துன்பத்தை மற்றவர்கள் விளங்கிக்கொள்ளத் தன் படம் சிறிதளவாவது உதவும் என்பதே அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

இனி அந்த ஹெலிகொப்டருக்கு வருவோம். 1965 மார்ச் 31ஆம் திகதி, அமெரிக்க மரைன் படையின் 17 ஹெலிகொப்டர்கள் தென்வியட்நாம் காலாட்படையினரை ஏற்றிக்கொண்டு டா நாங் தளத்திலிருந்து சுமார் 20 மைல் தொலைவிலுள்ள ஓரிடத்துக்குப் பறந்தன. 'யாங்கி பாப்பா 13' என்ற ஹெலிகொப்டரில் பரோஸ் ஏறினார். அதன் பொறுப்புச் சிப்பாய் ஜேம்ஸ் பார்லி, வயது 21.

கைக்கமராக்களுக்கு மேலதிகமாக ஒரு கமராவைப் பார்லியின் எம்-60 துப்பாக்கியிலேயே ஒரு தாங்கி செய்து பூட்டினார் பரோஸ். கதவுக்கு வெளியே, உட்பக்கம் பார்த்தபடி. துப்பாக்கிக்கும் அதைப் பிடிப்பவனுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு கை நீளம்தான். அந்தத் தூரத்தில் அகலக்கோண லென்ஸைத் தவிர வேறெதுவும் உதவாது. அந்தப் படத்தில் துப்பாக்கி, அதற்குப் பின்னால் பார்லியின் முகம், ஹெலிகொப்டரின் உடல், கீழே வயல் என எல்லாமே ஒன்றாக விழுந்தன. துப்பாக்கி எங்கு திரும்புகிறதோ அங்கு கமராவும் திரும்பும். ஆனால், கமரா பார்ப்பது இலக்கை அல்ல, சுடுபவனை. இதை ஒரு சாதுரியமான ஏற்பாடு என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது அதைவிடப் பெரிய விடயமாகத் தெரிகிறது. யுத்தத்தில் சுடுபவனின் முகத்தை யாரும் அவ்வளவு நேராகப் பார்ப்பதில்லை.

தரையிறங்கும் இடத்தில் வியட்கொங் போராளிகள் மரவரிசைக்குள் காத்திருந்தார்கள். 'யாங்கி பாப்பா 3' அடிபட்டு வயலில் கிடந்தது. பரோஸ் இருந்த ஹெலிகொப்டர் அதன் பக்கத்தில் இறங்கியது. பார்லி குதித்து ஓடினான். பரோஸும் பின்னால் ஓடினார். விமானி தன் இருக்கையில் சரிந்து கிடந்தார். கழுத்தில் காயம். பார்லியால் அவரை இழுத்தெடுக்க முடியவில்லை. இறந்துவிட்டார் என்று நினைத்து, சூட்டுக்கு நடுவே திரும்பி ஓடிவந்தான். அந்த விமானி இறக்கவில்லை, பின்னர் மீட்கப்பட்டார். ஆனால் அது அப்போது பார்லிக்குத் தெரியாது. இதற்கிடையில் அடிபட்ட ஹெலிகொப்டரிலிருந்து இருவர் தப்பி இவர்களுடையதில் ஏறியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான துணை விமானி ஜேம்ஸ் மேகல், திரும்பும் வழியில் பார்லியின் காலடியில் உயிர்விட்டார்.

இந்தத் தொடரின் கடைசிப் படம் தளத்தில் எடுக்கப்பட்டது. சாமான்கள் அடுக்கிய ஒரு கொட்டிலில், பார்லி முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். காலையில் நண்பர்களோடு சிரித்துக்கொண்டு புறப்பட்ட அதே பையன். ஒரே நாளில் நடந்த கதை. லைஃப் அதற்குப் பல பக்கங்களை ஒதுக்கியது. போர் பற்றி அதுவரை பெரும்பாலும் வீர வசனங்களையே கேட்டிருந்த அமெரிக்க வீடுகளுக்குள் அந்தப் படங்கள் போய்ச் சேர்ந்தன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 17 ஹெலிகொப்டர்கள் சுமந்து சென்றது தென்வியட்நாமியப் படையினரை. சண்டை நடந்தது வியட்நாமியரின் வயலில். அந்தத் தொடரில் நினைவில் நிற்பவர்கள் எல்லோரும் அமெரிக்கர்கள். எவ்வளவுதான் அகன்ற லென்ஸாக இருந்தாலும், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதற்குள் யார் வருவார்கள் என்பது.

அடுத்த ஆண்டு, விமானப் போர் பற்றி அவர் செய்த பெரிய தொடர் செப்டெம்பர் 1966இல் வெளிவந்தது. விமானத்தின் கதவைக் கழற்றச் சொல்லி, வார்ப்பட்டிகளால் தன்னைக் கட்டிக்கொண்டு வெளியே சாய்ந்து படமெடுத்தார். விமானத்தின் உடலிலேயே கமராவைப் பொருத்திப் பார்த்தார். அந்தப் படங்கள் அழகானவை. குண்டு போடும் விமானமும், தூரத்தில் எழும் வெண்புகையும், பச்சை நிலமும். அந்த அழகை ரசிக்க என்னால் முடியவில்லை. அந்த வெண்புகைக்குக் கீழே என்ன இருந்திருக்கும் என்பதைப் படம் சொல்வதில்லை. எங்களில் எவருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதும் இல்லை. பரோஸின் திறமை உச்சத்தில் இருந்ததும், அவரது படங்களுக்கும் மனிதருக்கும் இடையில் தூரம் மிக அதிகமாக இருந்ததும் இந்தத் தொடரில்தான் என்பது என் எண்ணம்.

அதே 1966 ஒக்டோபரில் அவர் மறுபடியும் தரையில் இருந்தார். வடக்கையும் தெற்கையும் பிரித்த எல்லைக்குத் தெற்கே, ஷெல்லடியில் கொத்தப்பட்டு மரங்களெல்லாம் மொட்டையாகிப்போன ஒரு குன்று. சிவப்புச் சேறு. தலையில் இரத்தம் தோய்ந்த கட்டோடு கறுப்பினச் சார்ஜன்ட் ஒருவர், சேற்றில் மரத்தோடு சாய்ந்து கிடக்கும் காயப்பட்ட வெள்ளைச் சிப்பாய் ஒருவனை நோக்கிக் கையை நீட்டுகிறார். சுற்றியிருப்பவர்கள் அவரைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஐரோப்பியத் தேவாலயச் சுவர்களில் இருக்கும் ஓவியம்போல அமைந்த படம் அது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஓவியங்களின் முன் நின்ற அந்த மணித்தியாலங்கள் இங்கே கைகொடுத்திருக்க வேண்டும். அந்தப் படத்தின் பலம் ஒருவரில் இல்லை. ஏழெட்டுப் பேரும், அவர்களுக்கிடையில் உள்ள வெறும் இடமும் ஒன்றாக வந்திருப்பதில்தான் இருக்கிறது. சார்ஜன்டின் முகத்தை மட்டும் நீண்ட லென்ஸால் வெட்டி எடுத்திருந்தால், நீட்டிய கை யாரை நோக்கிப் போகிறது என்றே தெரிந்திருக்காது.

ஆச்சரியம் என்னவென்றால், இன்று வியட்நாம் போர் என்றவுடன் நினைவுக்கு வரும் இந்தப் படம் அப்போது வெளியாகவில்லை. நான்கு வருடங்களுக்கு மேல் லைஃப் அலுவலகத்தில் கிடந்தது.

1968 நவம்பர் 8ஆம் திகதி லைஃப் அட்டையில் பரோஸின் படமாக ஒரு வியட்நாமியச் சிறுமி வந்தாள். வயது 12. அமெரிக்க ஹெலிகொப்டரிலிருந்து சுட்டதில் அவள் ஒரு காலை இழந்திருந்தாள். செயற்கைக் கால் பொருத்தும் நிலையத்தில் அவளைச் சந்தித்த பரோஸ் தொடர்ந்து அவளோடு இருந்து, அவள் கால் பொருத்தி நடக்கப் பழகுவதையும், வீட்டில் மற்றப் பிள்ளைகளோடு இருப்பதையும் எடுத்தார். சூட்டுச் சத்தம் இல்லை, புகை இல்லை. மரக்காலைக் கட்டும் வார்களும், அதைப் பார்க்கும் ஒரு பிள்ளையின் கண்களும்தான். ஜெய்ப்பூர் கால் கட்டி நடக்கப் பழகியவர்கள் எந்த ஊரிலும் இருக்கும் வடபகுதியில் அந்தப் படங்களுக்கு விளக்கக் குறிப்புத் தேவைப்படாது.

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஹெலிகொப்டர் துப்பாக்கியில் கமராவைக் கட்டியவர்தான் இப்போது அப்படியொரு துப்பாக்கியின் மறுமுனையில் இருந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே நாட்டில் ஆண்டுக்கணக்கில் திரிந்தவருக்கு அந்த மக்களைப் பார்க்காமல் இருக்க முடியாமல் போயிருக்கலாம். வந்திறங்கி இரண்டு கிழமையில் திரும்பிப் போகும் செய்தியாளர்களுக்கு அது வாய்ப்பதில்லை.

தொடக்கத்தில் அமெரிக்காவின் தலையீட்டை நியாயம் என்று நம்பியவர் பரோஸ். அதை அவர் ஒளித்ததில்லை. 1969 செப்டெம்பரில், தன் நம்பிக்கை குலைந்து போனதைப் பற்றிப் படங்களோடும் எழுத்தோடும் ஒரு நீண்ட கட்டுரையை லைஃப்பில் வெளியிட்டார். அதில் அமெரிக்கச் சிப்பாய்கள் முன்னுக்கு இல்லை. சாதாரண வியட்நாமியர் இருந்தார்கள். ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காமல் போன ஒரு சிறுவன் இருந்தான். அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்ட அவன், சொந்தக் கிராமத்திலேயே அந்நியனாகிப் போயிருந்தான். கருணையோடு செய்யப்பட்ட ஒரு காரியம் எப்படி இன்னொரு காயமாகிறது என்பதைக் காட்டும் அந்தப் பகுதி, வெளிநாட்டு உதவியின் இரு பக்கங்களையும் கண்ட எங்களுக்குப் புதிதல்ல. பரோஸுக்கு அது புதிதாக இருந்தது. தான் மாறியதை அவர் தன் வாசகர்களிடம் மறைக்கவில்லை என்பதற்காகவே அவரை மதிக்கத் தோன்றுகிறது.

ராபர்ட் காப்பா பெயரில் வழங்கப்படும் தங்கப் பதக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அவருக்குக் கிடைத்தது. காப்பாவின் பிலிமை உருக்கியவர் என்று பழி சுமத்தப்பட்டவருக்கு அது.

1971 பெப்ரவரி 8ஆம் திகதி, ஹோ சி மின் பாதையைத் துண்டிப்பதற்காகத் தென்வியட்நாம் இராணுவம் லாவோஸுக்குள் நுழைந்தது. அமெரிக்க ஹெலிகொப்டர்களில் எல்லை தாண்டச் செய்தியாளர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பல செய்தியாளர்கள் எல்லையில் காத்துக் கிடந்தார்கள். 10ஆம் திகதி, படை நடவடிக்கைக்குப் பொறுப்பான தென்வியட்நாமியத் தளபதி முன்னரங்குகளைப் பார்வையிடப் போனபோது, கூடப்போன ஹெலிகொப்டர் ஒன்றில் நான்கு படப்பிடிப்பாளர்களுக்கு இடம் கிடைத்தது. பரோஸோடு ஏறியவர்கள் ஏ.பி. நிறுவனத்தின் ஹென்றி ஹுவே, யூ.பி.ஐ. நிறுவனத்தின் கென்ட் பொட்டர், 'நியூஸ்வீக்' சஞ்சிகைக்காகப் போன ஜப்பானியரான கெய்சாபுரோ ஷிமாமோட்டோ. ஹுவே வியட்நாமின் டா லாட் நகரில் பிறந்தவர், தாய் வியட்நாமியர். பொட்டருக்கு 23 வயது. பரோஸுக்கு 44.

விமானிகள் வழிதவறி, 37 மி.மீ. விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் நிறுத்தப்பட்டிருந்த மலைப்பகுதிக்கு மேலாகப் பறந்துவிட்டார்கள். ஹெலிகொப்டர் வானிலேயே தீப்பற்றி விழுந்தது. அதில் இருந்த 11 பேரில் எவரும் பிழைக்கவில்லை. இந்தச் சம்பவத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் பெரும்பாலும் நான்கு பெயர்களைச் சொல்லிவிட்டு, ஏனைய ஏழு வியட்நாமியப் படையினரையும் ஓர் எண்ணாகக் கடந்து போகின்றன. அந்த ஏழு பேருக்குள் இராணுவப் படப்பிடிப்பாளர் ஒருவரும் இருந்தார். அவர் கழுத்திலும் கமரா இருந்திருக்கும்.

அதே மாதம் 26ஆம் திகதி வெளிவந்த லைஃப் இதழ் பரோஸுக்கு அஞ்சலி செலுத்தியது. சேற்றில் கைநீட்டும் சார்ஜன்டின் படம் அந்த இதழில்தான் முதன்முதலாக அச்சானது.

விழுந்த இடம் எதிரியின் கையில் இருந்தது. அங்கே போக முடியவில்லை. போர் 1975இல் முடிந்த பிறகும் வெகுகாலம் போகவில்லை. 1998 மார்ச்சில்தான், காணாமற்போன தம் படையினரின் எச்சங்களைத் தேடும் அமெரிக்க அணி லாவோஸ் தொழிலாளர்களோடு அந்தச் செங்குத்தான மலைச்சரிவைச் சதுரம் சதுரமாக அகழ்ந்தது. 27 வருடங்கள் மழையில் கழுவுண்ட சரிவு. ஏ.பி.யில் அவர்களோடு வேலை செய்த ரிச்சர்ட் பைலும் ஹோர்ஸ்ட் பாஸும் அங்கே போனார்கள். பின்னர் இருவரும் சேர்ந்து அது பற்றி ஒரு நூல் எழுதினார்கள். கொக்குத்தொடுவாயிலும் செம்மணியிலும் தூரிகையால் மண்ணை விலக்கி விலக்கிப் பார்த்ததைக் கண்டவர்களுக்கு அந்த மலைச்சரிவில் நடந்த வேலை எப்படியிருந்திருக்கும் என்று தெரியும். ஹெலிகொப்டரின் பாகங்கள், கமராத் துண்டுகள், பிலிம் துண்டுகள் கிடைத்தன. மனித எச்சம் மிகச் சொற்பம். இது இன்னாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குச் சொற்பம்.

பிரிக்க முடியாததால் எந்தக் குடும்பத்திடமும் கையளிக்கவும் முடியவில்லை. மேலும் பத்து வருடங்கள் கழித்து, 2008 ஏப்ரல் 3ஆம் திகதி, வாஷிங்டனில் செய்தித்துறை அருங்காட்சியகத்தில் கொல்லப்பட்ட செய்தியாளர்களுக்காக அமைக்கப்பட்ட நினைவிடத்தின் தரைக்குக் கீழ், அந்த எச்சங்கள் ஒரே பெட்டியில் வைக்கப்பட்டன.